மருந்துச் சீட்டின்மேல் ஒரு ஷில்லிங்

சங்கக் கணக்கில் இரண்டு வகைச் செலவுகள் உண்டு. ஒன்று, செய்த அன்றே பேரேட்டில் ஏறும் செலவு. மற்றொன்று, அன்று ஏறாமல் இருந்து, பின்னொரு நாள் வேறு தலைப்பின் கீழ் வந்து நிற்கும் செலவு. பாவுக்குக் கஞ்சி போடுவதில் சிக்கனம் செய்தால் அன்றைக்குக் கஞ்சிச் செலவு மிச்சமாகும். ஆனால் தறியில் இழை அறுந்து அறுந்து நெசவாளியின் பாதி நாள் வீணாவதைக் கஞ்சிக் கணக்கு காட்டாது. மருந்துச் செலவும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதனாலேயே அதைப் பற்றி அங்கத்தினர்களோடு சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

வைத்தியர் மருந்து எழுதித் தருகிறார். அதன் விலையைச் சர்க்காரோ, இன்ஷூரன்ஸ் நிதியோ ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் நோயாளியும் ஒரு பங்கைத் தம் கையிலிருந்து கொடுக்கவேண்டும் என்று பல நாடுகளில் விதி செய்திருக்கிறார்கள். சில இடங்களில் அது மருந்துக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை. சில இடங்களில் விலையில் நூற்றுக்கு இத்தனை என்ற விகிதம். இக்கட்டுரையில் இதனைப் 'பங்குக் கட்டணம்' என்று அழைப்போம்.

இக்கட்டணத்தை ஆதரிப்போர் இரண்டு காரணங்கள் கூறுவர். நிதிக்கு வருமானம் சேரும் என்பது முதற் காரணம். இலவசமாக வருவதை மக்கள் அளவறிந்து பயன்படுத்தமாட்டார்கள். கையிலிருந்து ஒரு காசாவது போனால்தான் தேவையா என்று யோசிப்பார்கள் என்பது இரண்டாவது காரணம். பொதுக் கிணற்றையும் பொதுக் களத்தையும் நிர்வகித்துப் பழகிய நமக்கு இவ்வாதம் புதிதன்று, எளிதில் தள்ளக்கூடியதுமன்று. ஆனால் இவ்வாதம் நடைமுறையில் எவ்வளவு தூரம் மெய்யாயிற்று என்பதை நாடுகளின் அனுபவத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். அந்த அனுபவம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்திருக்கிறது.

மூன்று பென்னிச் சங்கம்

கதை, நம்மைப் போன்ற ஒரு சங்கத்திலிருந்து தொடங்குகிறது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் டிரெடிகர் என்று ஓர் ஊர் உண்டு; நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையும் நிறைந்திருந்த ஊர். அங்கே 1890-ம் ஆண்டில் தொழிலாளர்கள் கூடி ஒரு வைத்திய உதவிச் சங்கம் அமைத்தார்கள். வாரக் கூலியில் ஒரு பவுனுக்கு 3 பென்னி வீதம் சங்கத்துக்குச் செலுத்தினார்கள். அந்நாளில் ஒரு பவுனுக்கு 240 பென்னி; எனவே கூலியில் 80-ல் ஒரு பங்குதான் சந்தா. அந்தச் சந்தாவைக் கொண்டு சங்கம் வைத்தியர்களையும், மருந்தாளர்களையும், பல் வைத்தியரையும், தாதியையும் சம்பளத்துக்கு அமர்த்திக் கொண்டது. காலப்போக்கில் ஊராரில் மிகப் பெரும்பாலோர் அச்சங்கத்தின் பாதுகாப்புக்குள் வந்தனர்.

இச்சங்கத்தின் வசூல் முறையைக் கவனிக்க வேண்டும். உடம்பு நன்றாயிருந்து கூலி வரும்போது எல்லோரும் சிறிது சிறிதாகக் கொடுத்தார்கள். நோய் வந்தபோது, வந்தவர் கையேந்தி நிற்கவேண்டிய நிலை இல்லை. நோயுற்ற வாரத்தில் கூலி நின்றுவிடுகிறது. அந்த வாரத்தில் பணம் கேட்பது, வறட்சி ஆண்டில் கிஸ்தி கேட்பது போன்றது என்பதைச் சுரங்கத் தொழிலாளர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

அவ்வூரில் பிறந்து, சிறு வயதிலேயே சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர் அனைரின் பெவன். 1945-ல் தொழிற் கட்சி ஆட்சிக்கு வந்தபோது அவர் சுகாதார மந்திரியானார். டிரெடிகரில் தாம் கண்ட முறையையே நாடு முழுவதற்கும் விரிக்க முயன்றார். 1948-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. வைத்தியம், மருந்து, பல், கண்ணாடி ஆகிய அனைத்தும் நோயாளிக்குக் கட்டணமின்றி அளிக்கப்பட்டன; செலவைப் பெரும்பாலும் பொது வரி ஏற்றது.

ஷில்லிங் வந்த வரலாறு

திறந்த மாத்திரத்தில் கூட்டம் பெருகிற்று. பல்லாண்டாகக் கண்ணாடியும் பொய்ப் பல்லும் வாங்க வழியில்லாதிருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். மருந்துச் சீட்டுகளும் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாயின. செலவு மதிப்பீட்டைத் தாண்டியதும் மந்திரி சபைக்குக் கவலை பிறந்தது. மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் விதிக்கும் அதிகாரத்தை 1949-ல் பார்லிமெண்டு அளித்தது. ஆயினும் அன்றைய அரசாங்கம் அதைப் பயன்படுத்தவில்லை. 1951-ல் வரவு செலவுத் திட்டத்தில் பொய்ப் பல்லுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வந்தது. அப்போது தொழில் மந்திரியாயிருந்த பெவன் அதனை ஏற்க மறுத்து ஏப்ரல் மாதத்தில் பதவியைத் துறந்தார். அவரோடு பதவி துறந்தவர்களில் ஒருவர் ஹரால்டு வில்சன். பிற்காலத்தில் பிரதம மந்திரியானவர்.

1952 ஜூன் மாதத்தில், அடுத்து வந்த கன்சர்வேடிவ் ஆட்சியில், மருந்துச் சீட்டு ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. 1956-ல் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் என்பது மாறி, சீட்டில் எழுதிய ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு ஷில்லிங் ஆயிற்று. 1961-ல் அது இரண்டு ஷில்லிங். 1965 பிப்ரவரியில் வில்சனின் அரசாங்கம் கட்டணத்தை அடியோடு நீக்கிற்று. நீக்கியவுடன் மருந்துச் சீட்டுகள் கூடின. மருந்துச் செலவும் கூடியது. பவுன் நாணயத்தின் மதிப்பே ஆட்டங்கண்ட நெருக்கடியில், 1968 ஜூன் மாதத்தில், அதே வில்சன் அரசாங்கம் மருந்து ஒன்றுக்கு இரண்டரை ஷில்லிங் என்று கட்டணத்தை மீண்டும் கொண்டுவர நேர்ந்தது. கொள்கைக்காகப் பதவியைத் துறந்தவரே பின்னர் கஜானாவுக்காகக் கட்டணத்தை விதித்தார் என்றால், இப்பிரச்னை எவ்வளவு கடினமானது என்பது விளங்கும்.

அதன் பின் கட்டணம் இறங்கவில்லை. 1979-ன் தொடக்கத்தில் மருந்து ஒன்றுக்கு 20 பென்ஸாக இருந்தது, 1985-ல் 2 பவுனாயிற்று. இங்கிலாந்தில் 2024 மே மாதத்தில் அது 9 பவுன் 90 பென்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்டது. வேல்ஸோ 2007-லும், வட அயர்லாந்து 2010-லும், ஸ்காட்லாந்து 2011-லும் கட்டணத்தையே ஒழித்துவிட்டன. ஒரே அரசின் கீழ் உள்ள நான்கு பகுதிகளில் மூன்று ஒரு வழியிலும், ஒன்று மற்றொரு வழியிலும் செல்கின்றன.

இங்கிலாந்திலுங்கூட எல்லோரும் கட்டணம் செலுத்துவதில்லை. 16 வயதுக்குட்பட்ட சிறுவர், 60 வயதைத் தாண்டிய முதியோர், கர்ப்பிணிகள், வருமானம் மிகக் குறைந்தோர், குறிப்பிட்ட சில நோய்களை உடையோர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. ஆகவே அங்கு வழங்கப்படும் மருந்துகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு கட்டணமின்றியே போகிறது. எஞ்சிய ஒரு பங்கின் பாரம் பெரும்பாலும் உழைக்கும் வயதினர்மேல் விழுகிறது. 1968-ல் வகுத்த நோய்ப் பட்டியலும் பெரும்பாலும் அப்படியே நின்றுவிட்டது. 2009-ல் புற்றுநோய் அதில் சேர்க்கப்பட்டது. மருந்து உட்கொள்ளும் நீரிழிவு நோயாளி எந்த மருந்துக்கும் கட்டணம் செலுத்துவதில்லை. மூச்சுத் திணறலோடு ஆயுள் முழுவதும் போராடும் ஆஸ்துமா நோயாளிக்கு அந்நோயின் பேரில் விலக்கு இல்லை. ஒரு தலைமுறையில் அவசரமாகப் போட்ட வரப்பு, அடுத்த இரு தலைமுறைகளுக்கு எல்லைக் கல்லாகி விடுகிறது.

ஆறு ஊர்களில் ஒரு பரிசோதனை

கட்டணம் இருந்தால் மருந்து குறைகிறது, நீங்கினால் கூடுகிறது என்பதை பிரிட்டனின் அனுபவம் காட்டிற்று. குறைவது எது? வேண்டாத மருந்தா, வேண்டிய மருந்தா? இக்கேள்விக்கு விடை காண அமெரிக்காவில் ராண்டு என்ற ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு பெரிய பரிசோதனை நடத்தினார்கள். ஜோசப் நியூஹவுஸ் என்ற பொருளாதார அறிஞர் அதற்குத் தலைமை வகித்தார். 1974 முதல் 1982 வரை, நான்கு மாகாணங்களில் ஆறு இடங்களில், 2,000-க்கு மேற்பட்ட குடும்பங்கள் அதில் கலந்துகொண்டன. எந்தக் குடும்பத்துக்கு எந்தத் திட்டம் என்பதை, சீட்டுக் குலுக்கி எடுப்பது போன்ற முறையில் தீர்மானித்தார்கள். சில குடும்பங்களுக்கு வைத்தியமும் மருந்தும் முற்றிலும் இலவசம். மற்றவர்கள் செலவில் நூற்றுக்கு 25, அல்லது 50, அல்லது 95 தாங்களே ஏற்கவேண்டும். ஆனால் ஆண்டொன்றுக்கு ஓர் உச்ச வரம்பைத் தாண்டினால் மிச்சத்தைத் திட்டமே ஏற்கும்.

கட்டணம் செலுத்தியோர் வைத்தியத்தைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டார்கள். இலவசம் பெற்றோரைவிட நூற்றுக்கு 20 முதல் 30 வரை குறைவாகப் பயன்படுத்தினர். இதனால் சராசரி மனிதரின் உடல்நிலை பெரிதும் கெட்டுவிடவில்லை என்பதும் உண்மையே. பங்குக் கட்டணத்தை ஆதரிப்போர் இதனை எடுத்துக்காட்டுவது நியாயந்தான். ஆனால் அதே பரிசோதனை வேறு இரண்டு உண்மைகளையும் வெளிப்படுத்திற்று.

முதலாவது, கட்டணத்தால் குறைந்தவற்றில் பயனுள்ள சிகிச்சையும் பயனற்ற சிகிச்சையும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. கிருமிகளை ஒழிக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளை எடுத்துக்கொள்வோம். இலவசம் பெற்றோர், கட்டணம் செலுத்தியோரைவிட நூற்றுக்கு ஏறக்குறைய 85 அதிகமாக அவற்றை உட்கொண்டார்கள். அம்மருந்து பலிக்காத சளிக் காய்ச்சலுக்கு உண்டதும் இதில் அடங்கும். அம்மருந்து அவசியமான நோய்களுக்கு உண்டதும் அடங்கும். கட்டணம் இரண்டையும் சமமாகவே வெட்டிற்று. வயலில் இறங்குகிறவர் கைக்குக் களையும் பயிரும் வேறு வேறாகத் தெரியும்; ஆடு மாட்டின் வாய்க்குத் தெரியாது. பங்குக் கட்டணம் இவ்விஷயத்தில் மேயவிட்ட மாட்டைப் போலவே நடந்துகொள்கிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எந்த மருந்து உயிரைக் காக்கிறது, எது இல்லாமலும் இருக்கலாம் என்று அறியும் கல்வி வைத்தியருக்கு உண்டு. மருந்துக் கடையில் சில்லறையை எண்ணி நிற்பவருக்கு அது எப்படி இருக்கும்?

இரண்டாவது, சராசரியின் நிழலில் ஏழையின் துன்பம் மறைந்திருந்தது. வறுமையும் இரத்தக் கொதிப்பும் ஒருங்கே உடையவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, இலவச வைத்தியம் பெற்றவர்களின் இரத்த அழுத்தம் நன்கு கட்டுப்பட்டிருந்தது. கொதிப்பு முதலிய அபாயங்கள் மிகுந்தோரிடையே, இலவச வைத்தியத்தால் மரண அபாயம் நூற்றுக்கு 10 அளவில் குறையும் என்று கணக்கிட்டார்கள். இரத்தக் கொதிப்பு வலிக்காத நோய். வலிக்காத நோய்க்கு மருந்து வாங்குவதை, பணமுடை வந்த மாதத்தில் எவரும் தள்ளிப்போடுவர். வலியுள்ள நோய்க்குக் கடன் வாங்கியாவது மருந்து வாங்குவோம். ஆகவே கட்டணத்தின் கூர்மை முதலில் வெட்டுவது, பேசாமல் இருந்து கொல்லும் நோய்களின் மருந்தையே.

மிச்சம் போன வழி

இனிச் செலவுக்கு வருவோம். மருந்துக் கணக்கில் மிச்சம் பிடித்ததால் மொத்தக் கணக்கில் மிச்சம் ஏற்பட்டதா?

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் என்ற சிறிய மாகாணம் உண்டு. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில் செலவைக் குறைக்க, மாதத்துக்கு மூன்று மருந்துச் சீட்டுக்கு மேல் பணம் தருவதில்லை என்று 1981-ல் அம்மாகாணம் விதித்தது. நான்காவது மருந்தின் முழு விலையும் நோயாளியின் தலையில் விழுந்தது. ஸ்டீபன் சுமரை என்பவரும் அவருடைய தோழர்களும் இதன் விளைவை ஆராய்ந்தனர். பல மருந்துகள் உண்டுவந்த நோயாளிகளிடம் மருந்து நூற்றுக்கு 46 குறைந்துபோயிற்று. 1991-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, அவ்விதி இருந்த காலத்தில், தொடர்ந்து மருந்துண்டுவந்த முதியோர் தம் வீட்டை விட்டுப் பராமரிப்பு இல்லங்களில் சேரும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. 1994-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, ஸ்கிசோஃப்ரீனியா என்ற கடுமையான மனநோய் உடையோரைப் பற்றியது. அவர்களுக்கு மருந்தில் மிச்சமான ஒவ்வொரு டாலருக்கும், மனநோய் வைத்தியத்தின் பிற துறைகளில் 17 டாலர் அதிகமாகச் செலவாயிற்று. சிக்கனம் செய்யப் போய் முதலுக்கே மோசமான கதை இது.

அவ்விதி பதினொரு மாதமே நீடித்தது. பிறகு அதனை நீக்கி, மருந்துச் சீட்டு ஒன்றுக்கு ஒரு டாலர் கட்டணம் விதித்தார்கள். அப்போது மருந்துப் பயன்பாடு ஏறத்தாழப் பழைய நிலைக்கே மீண்டது. கட்டணம் என்றால் எல்லாம் ஒரே தீமை என்று சொல்லிவிடக் கூடாது. சிறு கட்டணத்துக்கும், கதவையே சாத்தும் விதிக்கும் இடையில் பெரிய வித்தியாசம் உண்டு என்பதையும் இது காட்டுகிறது.

கனடாவின் குவிபெக் மாகாணத்தின் அனுபவம் இன்னும் தெளிவானது. அங்கே 1996-ல் மருந்து இன்ஷூரன்ஸைச் சீர்திருத்தினார்கள். அதுவரை, பொதுநல உதவியில் வாழ்ந்தோருக்கு மருந்து இலவசம். முதியோர் சிறு தொகையே கொடுத்துவந்தனர். சீர்திருத்தத்துக்குப் பின் இருசாராரும் விலையில் நூற்றுக்கு 25 வீதம், ஓர் ஆண்டு வரம்புக்குட்பட்டுச் செலுத்தவேண்டியதாயிற்று. ராபின் டாம்ப்ளின் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2001-ல் இதன் விளைவை வெளியிட்டது. அதிக அவசியமில்லாத மருந்துகள் முதியோரிடம் நூற்றுக்கு 15, பொதுநல உதவி பெற்றோரிடம் நூற்றுக்கு 22 குறைந்தன. இவ்வளவோடு நின்றிருந்தால் சீர்திருத்தத்தை யாவரும் வாழ்த்தியிருப்பர். ஆனால் இன்சுலின், இருதய மருந்து போன்ற அவசிய மருந்துகளும் முறையே நூற்றுக்கு 9-ம், 14-ம் குறைந்துபோயின. அவசிய மருந்து குறைந்ததை ஒட்டிய கடும் விளைவுகளை, அதாவது ஆஸ்பத்திரியில் சேர்தல், பராமரிப்பு இல்லம் புகுதல், மரணம் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார்கள். முதியோரில் 10,000 பேருக்கு மாதத்துக்கு 5.8 ஆக இருந்தது 12.6 ஆயிற்று. பொதுநல உதவி பெற்றோரிடம் 14.7 என்பது 27.6 ஆயிற்று. அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்களின் தொகையும் உயர்ந்தது.

மருந்துத் துறையின் பேரேட்டைத் திறந்தால் அங்கே மிச்சம் தெரியும். ஆஸ்பத்திரித் துறையின் பேரேடு வேறொரு கட்டடத்தில், வேறோர் அதிகாரியின் மேஜையில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் கூட்டிப் பார்ப்பவர் இல்லாதவரையில், அந்த மிச்சம் மிச்சமாகவே காட்சியளிக்கும்.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

ஒரு பக்க நியாயத்தை மட்டும் கூறுவது நம் வழக்கமன்று. இந்தக் கட்டணத்தால் மருந்துச் செலவு குறைகிறது என்பதில் ஐயமில்லை. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2007-ல் அமெரிக்காவில் வெளியிட்ட ஒரு கணிப்பின்படி, நோயாளியின் பங்கு நூற்றுக்கு 10 உயர்ந்தால், மருந்துச் செலவு நூற்றுக்கு 2 முதல் 6 வரை குறைகிறது. ஒரே நோய்க்கு விலை உயர்ந்த மருந்தும், அதே குணமுடைய மலிவான மருந்தும் இருக்கும்போது, முன்னதற்குக் கூடுதல் கட்டணமும் பின்னதற்குக் குறைந்த கட்டணமும் வைத்தால் மக்கள் மலிவானதற்கு மாறுகிறார்கள். அதனால் எவருக்கும் கேடில்லை.

மருந்தை இலவசமாக்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் மெய்யன்று. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய 5,855 அமெரிக்கரை வைத்து நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவு 2011-ல் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு இருதய மருந்துகளை முற்றிலும் இலவசமாக்கினார்கள். மறு சாரார் வழக்கமான கட்டணத்தைச் செலுத்தினார்கள். கட்டணம் செலுத்தியோரில் ஒழுங்காக மருந்துண்டவர் பாதிக்கும் குறைவு. இலவசம் பெற்றோரிடம் அது நூற்றுக்கு 4 முதல் 6 வரையே உயர்ந்தது. முதன்மையாக அளக்க நினைத்த விளைவில் உறுதியான வேற்றுமை தென்படவில்லை. எனினும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் மொத்த எண்ணிக்கை குறைந்தது. கவனிக்கத் தக்கது என்னவெனில், இலவசமாக்கியதால் மொத்தச் செலவு உயரவில்லை. நோயாளியின் கைச்செலவோ நூற்றுக்கு 26 குறைந்தது. மருந்தில் கொடுத்தது ஆஸ்பத்திரியில் மீண்டது எனலாம். மருந்து கையில் இருந்தும் உண்ணாமலிருப்பதற்குப் பணத்தைத் தவிர வேறு காரணங்களும் உண்டு: மறதி, பயம், 'உடம்புதான் நன்றாயிருக்கிறதே' என்ற எண்ணம், புரியும்படி எடுத்துச் சொல்ல ஆளில்லாமை. இவற்றுக்குக் கட்டண நீக்கம் பரிகாரமாகாது.

கட்டணம் வைத்தே தீரவேண்டுமாயின்

நிதி நிலைமை காரணமாகக் கட்டணம் தவிர்க்க முடியாததானால், அதன் கூர்மையை மழுக்கும் வழிகளைப் பல நாடுகள் கண்டிருக்கின்றன. அவற்றுள் மூன்றைக் கூறுவோம்.

முதல் வழி, வருமானத்துக்கேற்ற உச்ச வரம்பு. ஜெர்மனியில் 2004-ல் வகுத்த விதிப்படி, மருந்தின் விலையில் பத்தில் ஒரு பங்கு, 5 யூரோவுக்குக் குறையாமலும் 10 யூரோவுக்கு மேற்படாமலும் நோயாளி தரவேண்டும். ஆனால் ஓராண்டில் செலுத்தும் மொத்தப் பங்குக் கட்டணம் குடும்ப வருமானத்தில் நூற்றுக்கு 2-ஐத் தாண்டலாகாது. தீராத நோயுடையோருக்கு அவ்வரம்பு நூற்றுக்கு 1. அமெரிக்காவிலும் 2022-ல் இயற்றிய சட்டத்தால், முதியோருக்கான மெடிக்கேர் திட்டத்தில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாதென்ற விதி 2023-லும், மருந்துகளின் கைச்செலவுக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் என்ற வரம்பு 2025-லும் நடைமுறைக்கு வந்தன.

இரண்டாவது வழி, மருந்தின் தகுதியைப் பார்த்துக் கட்டணம் வைப்பது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதய நோய், மனநோய், காசநோய் ஆகியவற்றின் அவசிய மருந்துகளுக்குக் கட்டணமே வேண்டாம். பயன் சந்தேகமான மருந்துக்கும், மலிவான மாற்று இருக்கையில் விலை உயர்ந்ததை விரும்புவோருக்கும் கட்டணம் இருக்கட்டும். அப்போதுதான் கட்டணம் மேயும் மாடாக இல்லாமல் களை பறிக்கும் கையாகும்.

மூன்றாவது வழி, முன்னதாகச் செலுத்தும் சந்தா. இங்கிலாந்தில் அடிக்கடி மருந்து வாங்குவோர் ஆண்டுக்கு ஒரு தொகையை முன்கூட்டிச் செலுத்தி ஒரு சான்றிதழ் பெறலாம். 2024 மே மாத விகிதப்படி அது 114 பவுன் 50 பென்ஸ், தவணையாகவும் செலுத்தலாம். அதன் பிறகு எத்தனை மருந்து வாங்கினாலும் தனிக் கட்டணம் இல்லை. மாதம் ஒரே ஒரு மருந்து வாங்குகிறவருக்குங்கூட இது இலாபமே. டிரெடிகர் தொழிலாளர் கண்ட மூன்று பென்னிச் சந்தாவின் சாயலை இதில் காணலாம்.

நம் சங்கங்களுக்கு

தமிழ்நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. 1994-ல் அமைத்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்பும் முறை, பிற மாநிலங்களும் பின்பற்றும் முன்மாதிரியாயிற்று. நோயாளியிடம் வசூலிப்பதன்றி, வாங்கும் விலையையே குறைப்பதும் சிக்கனத்துக்கு ஒரு வழி என்பதை அது காட்டிற்று. நூலை ஒவ்வொரு நெசவாளியும் தனித்தனியே வாங்குவதற்கும், சங்கம் மொத்தமாக வாங்கிப் பகிர்வதற்கும் உள்ள வித்தியாசந்தான் இது. 2025 பிப்ரவரியில் திறந்த 1,000 முதல்வர் மருந்தகங்களில் பல, கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்பட ஏற்பாடாயின என்பதும் நம்மவர் அறிந்ததே.

ஆயினும், தனியார் கடையில் மருந்து வாங்கும் நம் அங்கத்தினருக்குப் பங்குக் கட்டணம் நூற்றுக்கு நூறு. 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் போன்ற பெரிய இன்ஷூரன்ஸ் திட்டங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால் உதவுகின்றன. படுக்காமல் இருப்பதற்காக மாதந்தோறும் வீட்டில் உண்ணும் மாத்திரைக்கு உதவுவதில்லை. குவிபெக்கில் கண்ட விளைவு இங்கும் நேர இது போதுமான காரணம். கூலி குறைந்த மாதத்தில் கொதிப்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்ணும் நெசவாளியும், விளைச்சல் விலை போகாத பருவத்தில் இன்சுலின் அளவைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும் விவசாயியும் எந்தப் புள்ளிவிவரத்திலும் தனித்துத் தெரியமாட்டார்கள். பின்னர் பக்கவாதமோ சிறுநீரகக் கோளாறோ வந்து, தறியும் நிலமும் அடமானத்துக்குப் போகும்போதுதான் கணக்கு வெளிப்படும்.

ஆகவே, அங்கத்தினர்களின் சேமநிதியிலிருந்து வைத்திய உதவி செய்ய எண்ணும் சங்கங்களுக்கு நாம் கூறக்கூடியது இதுதான். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பெருந்தொகை ஒதுக்குவதோடு நில்லாமல், தீராத நோய்களின் அவசிய மருந்துகளையும் உதவியில் சேருங்கள். நோயாளியிடம் மருந்து வாங்கும் வேளையில் வசூலிப்பதைவிட, துணி விற்று, நெல் அளந்து, கையில் பணம் உள்ள காலத்தில் எல்லோரிடமும் சிறு சந்தாவாக வசூலிப்பதே மேல். ஏதேனும் கட்டணம் வைத்தே ஆகவேண்டுமெனில், அதற்கு ஓர் ஆண்டு வரம்பும், ஏழைக்கு விலக்கும், அவசிய மருந்துக்கு விலக்கும் சேர்த்தே வையுங்கள். விலக்குப் பட்டியலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மகாசபையில் வைத்துத் திருத்துங்கள். ஆண்டுக் கணக்கெடுக்கும்போது மருந்துச் செலவையும் ஆஸ்பத்திரிச் செலவையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கூட்டுங்கள்.

மருந்தை நிறுத்தியவர் தம் நிறுத்தத்தை எவரிடமும் அறிவிப்பதில்லை. அவரைத் தேடிக் காண வல்லவர்கள் அதே தெருவில் வாழும் சக அங்கத்தினர்களே. பெரிய இன்ஷூரன்ஸ் நிறுவனங்களுக்கு இல்லாத இந்தப் பலம் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. அதனை நம் சங்கங்கள் பயன்படுத்திக் கொள்ளுமென்று நம்புகிறோம்.